லைற் அடித்தால் இறங்கிவிடும் மேரிசெலின்

மேரிசெலின் வேலைக்கு இரண்டு தரம் பிந்திப் போனா. முதல் தரம் ஆறு நிமிடம், இரண்டாம் தரம் பதினொரு நிமிடம். ஆறு நிமிடம் பிந்தினால் டெனிஷ்காரர் உங்களைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். பதினொரு நிமிடம் என்றால் கூப்பிட்டு இருத்தி, கோப்பி ஊற்றித் தந்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பார்கள். இந்த நாட்டில் மேலதிகாரி கையால் கோப்பி வாங்கிக் குடிக்கிற நிலைமை வந்தால் விசயம் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில், ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் அவவுக்கு வேலை. காலைச் சேவை ஆறே முக்காலுக்குத் தொடங்கும். இரவு முழுக்க வேலை செய்த பெண் அந்த நேரம் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். அவளுக்குப் பாலர் பள்ளியில் கொண்டுபோய் விட ஒரு பிள்ளை இருக்கிறது. செலின் வந்தால்தான் அவள் போகலாம். பிரிவுக்குப் பொறுப்பான பிர்கித், கோப்பி பாதியான பிறகு சொன்னது இவ்வளவுதான்: "நீ நல்லாய் வேலை செய்கிறாய். இங்குள்ள வயோதிபர்கள் உன்னைத்தான் கேட்கிறார்கள். ஆனால் உன் சோதனைக்காலம் நவம்பர் முப்பதோடு முடிகிறது. இன்னொரு தரம் பிந்தினால் என்னால் நிரந்தரமாக்கக் கையெழுத்து வைக்க முடியாது."

செலினுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருசம் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் நின்றவ. அதை மூடினார்கள். பிறகு தன் மகளின் வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் இருந்து, மருந்துப் பெயர்களையும் எலும்புப் பெயர்களையும் டெனிஷில் பாடமாக்கி, பரீட்சை எடுத்துப் பிடித்த வேலை இது. போனால் போகட்டும், இன்னொன்று கிடைக்கும் என்று ஆறுதல் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒருவருக்கும் ஐம்பத்திரண்டு வயது இல்லை.

அவவுடைய மனுசன் குருசுமுத்து, என் கூட்டாளி. அவனுக்கு ஐந்து மணிச் சேவை, நேரெதிர்ப் பக்கம். கார் அவனோடு போய்விடும். முதல் பஸ் இல்லத்து வாசலுக்கு வர ஏழு பத்து ஆகும். மிச்சம் இருப்பது சைக்கிள். ஏழு கிலோமீற்றர், பாதி தூரத்துக்குத் தெருவிளக்கில்லை. நவம்பரில் எட்டு மணிக்குத்தான் விடியும்.

ஆகவே ஒரு முன்லைற் தேவைப்பட்டது. அதை வாங்கிக் கொடுத்தது நான்.

எங்கள் ஆட்களுக்குள் யாராவது எதையாவது வாங்குவதென்றால் ஸ்ரான்லியைக் கூப்பிடு என்பார்கள். மன்னார்ப் பசாரில் என் அப்புவுக்குச் சாமான்கடை. கூட்டல் கழித்தல் படிக்கமுன்னம் பேரம் படித்தவன் நான். அந்த லைற் இணையத்தில் அகப்பட்டது. ஆயிரத்து அறுநூறு லூமன் வெளிச்சம், சார்ஜ் பண்ணுகிறது, அரை விலைக்கும் கீழே. பெட்டியில் ஒரு மனுசன் மலைக்காட்டுக்குள் சைக்கிளோடு அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தான். செலின் முதியோர் இல்லத்துக்குத்தான் போகிறா, மலையில் பாய அல்ல என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கடைக்காரன் பிள்ளைகளுக்கு உள்ள வியாதி இது. சாமான் பொருந்துமா என்று பாரான்; விலை விழுந்ததா என்று பார்ப்பான். வாங்கினது மட்டுமல்ல, சைக்கிளில் பூட்டினதும் நான்தான். தூரத்துக்கு அடிக்கட்டும் என்று நன்றாக நிமிர்த்தியே பூட்டினேன்.

செலின் அந்தக் கோப்பியைக் குடித்த அன்று பின்னேரம் குருசு எனக்குப் போன் அடித்தான். போனேன். செலின் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கதிரை நுனியில் இருந்தா.

"மச்சான், நீ வாங்கித் தந்த சாமான் சரியில்லை" என்றான் குருசு.

"என்ன சரியில்லை? சூரியன் மாதிரி அடிக்குது."

"சூரியன் மாதிரித்தான் அடிக்குது. ஆள் பிந்தித்தான் போகுது."

"அண்ணையைக் குறை சொல்லாதேங்கோ" என்றா செலின். "நான்தான் மெள்ள ஓடுறன் போலை."

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுறீங்கள், தங்கச்சி?"

"ஆறு பத்துக்கு. பிந்துதெண்டு போட்டு அடுத்தமுறை ஆறு மணிக்கே வெளிக்கிட்டன். அண்டைக்குத்தான் பதினொரு நிமிசம்."

"அண்டைக்கு மழை. ரோட்டு முழுக்கக் கார்" என்றான் குருசு.

"கார் ரோட்டிலை போகுது. இவ சைக்கிள் பாதையிலை போறா. காருக்கும் இவவுக்கும் என்ன?"

செலின் இன்னொரு கணக்குச் சொன்னா. ஞாயிற்றுக்கிழமை பகலில் அதே பாதையில் ஓடிப் பார்த்தாவாம், இருபத்தாறு நிமிடம். அதே சைக்கிள், அதே கால். வெளிச்சத்தில் இருபத்தாறு, இருட்டில் நாற்பத்தொன்று, ஐம்பத்தாறு. அப்படியானால் பிழை லைற்றில்தான் இருக்கவேண்டும். மகள் தர்ஷனா ஓகூஸ் நகரிலிருந்து போனில் டெனிஷில் ஒரே வசனம் சொல்லியிருந்தாள்: "ஒழுங்கான லைற் ஒன்று வாங்குங்கள்." அந்த 'ஒழுங்கான' என்ற சொல் எனக்குச் சுட்டது.

சனிக்கிழமை மூன்று பேரும் சைக்கிள் கடைக்குப் போனோம். செலின் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தா. கடையில் நின்றவனின் சட்டையில் ஜோனாஸ் என்று எழுதியிருந்தது. முப்பது வயது, தாடி, விரலெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. விரலில் எண்ணெய் இருக்கிற வியாபாரியோடு பேரம் பேசுவது கரைச்சல். அவனுக்குச் சாமானைத் தெரியும்.

நான் வாயைத் திறக்கமுன் செலினே கேட்டா. டெனிஷில் லைற்றுக்கு 'லுக்தெ', சந்தோசத்துக்கு 'லுக்கெ'. பதற்றத்தில் அவவுக்கு நடு எழுத்து விழுந்துவிட்டது. "சைக்கிளுக்கு முன்னால் பூட்ட ஒரு சந்தோசம் வேண்டும்" என்று கேட்டா.

ஜோனாஸ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அது முடிந்துவிட்டது. லைற் இருக்கிறது" என்றான்.

செலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அந்தக் கிழமையில் அவ சிரித்தது அதுதான் முதல் தரமாக இருக்கவேண்டும். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆனால் வெளியில் காட்டவில்லை. வாங்கப் போன இடத்தில் கடைக்காரனைப் பிடித்ததாகக் காட்டினால் நட்டம் எங்களுக்குத்தான்.

அவன் மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தான். நான் முதலாவதைத் தூக்கினேன். "நாற்பது மணித்தியாலம் வரை எரியும்" என்று எழுதியிருந்தது.

"இந்த 'வரை' எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "மிகக் குறைந்த வெளிச்சத்தில், மின்னவிட்டால், கோடை காலத்தில்."

"நவம்பரில், மின்னாமல், ஆளுக்குப் பாதை தெரிகிற அளவில்?"

"ஐந்தரை."

இதைப் பெட்டியில் எழுதமாட்டார்கள். 'வரை' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் எங்கள் சாதிக்காரனாகத்தான் இருக்கவேண்டும், வியாபாரி. ஐந்தரை மணித்தியாலம் என்றால் போக வர ஒரு கிழமைக்குக் காணும். குளிருக்கு இன்னும் கொஞ்சம் குறையும் என்று அவனே சொன்னான். கேளாமல் குறை சொல்கிற கடைக்காரனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எந்தப் பாதையால் போகிறீர்கள்?" என்று செலினிடம் கேட்டான். அவ சொன்னா. "அது இருபக்கமும் சைக்கிள் ஓடுகிற பாதை, இல்லையா? ரோட்டின் இடப்பக்கம். கார்கள் உங்களுக்கு முன்னால், கிட்டத்தில் வரும். இப்போது இருக்கிற லைற்றைக் காட்டுங்கள்."

பின்னால் சாமான் அடுக்கி வைக்கிற அறைக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். ரயர்களுக்கு நடுவில் நாலு பேரும் நெருக்கி நின்றோம். கதவைச் சாத்தி, அறை லைற்றை நிற்பாட்டி, என்னுடைய ஆயிரத்து அறுநூறு லூமனைச் சுவருக்குப் போட்டான். நாலு பேரும் கண்ணை மூடினோம்.

"இதை யார் வாங்கினது?"

"அண்ணை" என்றா செலின், பெருமையாக. "பாதி விலைக்குத் தேடி வாங்கித் தந்தவர்."

அவன் அதை நிற்பாட்டினான். இருட்டில் அவன் குரல் மட்டும் வந்தது. "இது காட்டுக்குள் ஓடுகிறவர்களுக்கு. வெளிச்சம் வட்டமாக எல்லாப் பக்கமும் போகும். ரோட்டில் எதிரே வருகிறவனின் கண்ணுக்குள் போகும். கார்க்காரர் உங்களுக்கு லைற் அடிப்பதில்லையா?"

"அடிக்கிறவை. ஒவ்வொரு நாளும், எல்லாரும்."

"நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"இறங்கி நிப்பன்."

"ஏன்?"

"அவை வருகினம்தானே."

"வருகிறார்கள், சரி. அவர்கள் ரோட்டில். நீங்கள் பாதையில். நீங்களும் போகலாமே?"

"லைற் அடிச்சால் இறங்கி விலத்துறதுதானே" என்றா செலின். அவன் இதைக்கூடவா கேட்கிறான் என்கிற மாதிரி.

ஜோனாஸுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இருட்டாக இருந்ததால் என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை, அதுவரை நல்லது.

எங்கள் ஊர் ரோட்டில் லைற் அடித்தால் அதற்கு ஒரேயொரு கருத்து. நான் வாறன், நீ விலத்து. லொறி அடித்தால் கார் விலத்தும், கார் அடித்தால் மோட்டார் சைக்கிள் விலத்தும், சைக்கிள்காரர் எல்லாருக்கும் விலத்தி வாய்க்காலுக்குள் நிற்பார்கள். இங்கே அதே சிமிட்டலுக்கு வேறு கருத்து. ஓடிவருகிறவன் அடித்தால், உன் லைற் கண்ணைக் குத்துது, கீழே பதி என்று. நிற்கிறவன் அடித்தால், நான் பொறுக்கிறன், நீ போ என்று. செலின் இருபத்தெட்டு வருசமாய் டென்மார்க்கில் இருக்கிறா. ஆனால் கார் ஓடினதில்லை, இருட்டில் சைக்கிள் ஓடினதும் இல்லை. என் லைற்றைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து ஒவ்வொரு காரும் கண் கூசி லைற் அடித்திருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் அவ இறங்கி, சைக்கிளைப் புல்லுக்குள் தள்ளி, அது போகுமட்டும் நின்றிருக்கிறா. மழை நாளில் கார் கூட. ஆகவே பதினொரு நிமிடம். இதை ஒருத்தரிடமும் சொல்லாததற்குக் காரணம், அது சொல்ல வேண்டிய விசயமாக அவவுக்குப் படவில்லை. மழைக்கு ஒதுங்கினதை யார் கணக்குச் சொல்கிறார்கள்?

நான் தமிழில் விளங்கப்படுத்தினேன்.

"ஒரே லைற், ஒரே சிமிட்டு" என்றா. "அதிலை 'பதி'யும் இருக்கு, 'போ'வும் இருக்கோ? அப்ப 'விலத்து' எண்டு சொல்லுறதுக்கு என்ன செய்வினம்?"

"அதை இஞ்சை சொல்லமாட்டினம். மனசுக்குள்ளை வைச்சிருப்பினம்."

செலினுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. "அப்ப அந்தப் பாண் வான்காரன்?"

"எந்தப் பாண் வான்காரன்?"

"பெற்றோல் அடிக்கிற செற்றடியிலை. குறுக்கை ஒரு ரோட்டு வருது. அதிலை ஒவ்வொரு நாளும் ஒரு பேக்கரி வான் நிக்கும். என்னைக் கண்டோடனை லைற் அடிக்கும். நான் இறங்கி நிப்பன். அவன் போகான், திருப்பியும் அடிப்பான். நான் இன்னும் பின்னுக்குப் போவன். மூண்டாந்தரமும் அடிப்பான். நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிப்பன், மாதாவே இவனுக்கு என்னிலை என்ன கோவமெண்டு. பிறகு கையை விரிச்சுக் காட்டிப்போட்டுப் போவான்."

"அவன் உங்களைப் போகச் சொல்லியிருக்கிறான், தங்கச்சி."

"மூண்டு தரமுமோ?"

"மூண்டு தரமும்."

குருசு இருட்டில் செருமினான். "மச்சான், அப்ப நான்?"

"நீ என்ன?"

"நான் முப்பது வருசமா லைற் அடிக்கிறன். விலத்து எண்டுதான் அடிக்கிறன். ஒருத்தன் விலத்தினதில்லை. கையைத் தூக்கிச் சிரிச்சுக்கொண்டு எனக்கு முன்னாலை போறாங்கள். இவங்களுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் எண்டு நான் வீட்டை வந்து இவவுக்குச் சொல்லுறனான்."

"அவங்கள் வீட்டை போய், இண்டைக்கு ஒரு நல்ல மனுசனைக் கண்டன் எண்டு சொல்லியிருப்பாங்கள்."

"முப்பது வருசமாவோ?"

"முப்பது வருசமா."

கதவைத் திறந்தபோது ஜோனாஸ் என்ன கதை என்று கேட்டான். சொன்னேன். அவன் சிரிப்பை அடக்க ஒரு ரயரைத் தூக்கி இடம் மாற்றி வைத்தான். பிறகு குருசுவைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. குருசுவுக்கும் முடியவில்லை. செலின் மட்டும் சிரிக்கவில்லை. அவவுக்கு முன்னால் இன்னும் இரண்டு கிழமைக் காலைகள் இருந்தன.

லைற்றை அவவே தெரிவு செய்தா. நான் இரண்டாவது பெட்டிக்கு ஆதரவு. விலைக்கு நிறையச் சாமான். அவ கைப்பையிலிருந்து தன் கம்பளிக் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்றின் பொத்தானையும் அமத்திப் பார்த்தா. இரண்டாவது அமங்கவில்லை. "காலமை கையுறையைக் கழட்டிக்கொண்டு நிக்கேலாது" என்றா. பிறகு ஜோனாஸிடம் ஒரு கேள்வி: "நாளைக்கு நின்றுபோகும் என்று முதல் நாளே சொல்கிறது எது?" மூன்றாவதின் முதுகில் நாலு சிறிய பச்சைப் புள்ளிகள், பற்றரி குறையக் குறைய ஒவ்வொன்றாக அணையும், கடைசி சிவப்பாகும். அதன் வெளிச்சத்தைச் சுவரில் போட்டுக் காட்டினான். மேற்பக்கம் கோடு கிழித்தமாதிரி வெட்டி நின்றது, காரின் லைற்றைப்போல. கோட்டுக்குக் கீழே ரோட்டுக்கு வெளிச்சம், மேலே எதிரே வருகிறவனின் கண்ணுக்கு இருட்டு. லூமன் என்னுடையதில் எட்டில் ஒன்று. சார்ஜ் பண்ணப் போனுக்குக் குத்துகிற வயரே போதும்.

நான் விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்தேன். ஜோனாஸ் காத்திருந்தான். நான் பெட்டியை மேசையில் வைத்து ஒரு அடி பின்னால் போனேன். அவன் காத்திருந்தான்.

"பல் வலிக்கிறதா?" என்று கேட்டான்.

"இல்லை."

"அப்படியானால் விலை அதுதான். பூட்டி, சாய்வு பார்த்துத் தருகிறேன். பொருந்தாவிட்டால் பற்றுச்சீட்டோடு ஒரு மாதத்துக்குள் கொண்டு வாருங்கள்."

இப்படிப்பட்ட மனுசனோடு என்ன பேரம் பேசுவது? செலின் காசு கொடுத்தா. அவன் சைக்கிளை வாசலுக்கு உருட்டி, வெளிச்சம் பத்து மீற்றருக்கு முன்னால் நிலத்தில் விழுகிறமாதிரி லைற்றைப் பதித்துப் பூட்டினான். நான் நிமிர்த்தி வைத்த இடத்தில் பழைய பிடியின் தழும்பு தெரிந்தது. அதை அவன் துணியால் துடைத்தான்; போகவில்லை.

லைற் சரியாகிவிட்டது. ஓடிவருகிற கார்கள் இனி அடிக்காது. ஆனால் அந்தப் பாண் வான் அடிக்கும். அதற்கு எந்தக் கடையிலும் சாமான் இல்லை.

அடுத்த நாள் ஞாயிறு, பின்னேரம் தமிழ்ப் பூசை. நவம்பரில் நாலு மணிக்கே மைம்மலாகிவிடும். பூசை முடிந்து ஆட்கள் கலையக் கலைய, கோயில் வாகனத் தரிப்பிடத்தில் குருசு காரை நிற்பாட்டி உள்ளே இருந்தான். செலின் சைக்கிளில். அவன் லைற் அடிக்க, அவ நிற்காமல் காருக்கு முன்னால் குறுக்கே போகவேண்டும். இதுதான் பயிற்சி.

முதல் தரம் அடித்தான். இறங்கினா. இரண்டாம் தரம் இறங்கினா. மூன்றாம் தரம் இறங்கிச் சிலுவை அடையாளமும் போட்டா.

பூசைக்கு வந்திருந்த அந்தோனிமுத்து அண்ணை தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "குருசுக்கும் மனிசிக்கும் என்ன பிரச்சினை? பூசை முடிஞ்ச கையோடை வெருட்டுறான்."

"வெருட்டேல்லை. மரியாதை குடுக்கிறான்."

"உப்பிடியும் ஒரு மரியாதையோ" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

குருசு காரிலிருந்து இறங்கி வந்தான். "நீர் ஏனப்பா இறங்கிறீர்? போம் எண்டெல்லோ அடிக்கிறன்."

"தெரியும். மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை" என்றா. "இருபத்தெட்டு வருசம் உங்கடை பக்கத்துச் சீற்றிலை இருந்து படிச்சது. ஒரு பின்னேரத்திலை மறக்கேலுமே?"

குருசு அவவின் சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டு நடந்தான். காரை விட்டுவிட்டு நடக்கிறான் என்று நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை எனக்குப் பின்னேரச் சேவை. காலையில் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவவுக்குப் பின்னால் போனேன். நிபந்தனை போட்டிருந்தா: முப்பது மீற்றர் பின்னால் வரவேண்டும், கூப்பிடக்கூடாது, 'போங்கோ' என்று கத்தக்கூடாது. "நாளைக்கு நீங்கள் வரமாட்டியள்தானே" என்றா. நியாயம்.

ஆறு பத்துக்கு வெளிக்கிட்டோம். தெருவிளக்கு முடிகிற இடத்தில் அவவின் லைற் ரோட்டில் ஒரு பாய் விரித்தமாதிரி விழுந்தது. அகலம் குறைவு, ஆனால் பாதையின் வெடிப்பு, நனைந்த இலைக் குவியல் எல்லாம் தெரிந்தது. முதல் கார் வந்தது. செலினின் முதுகு விறைத்ததைப் பின்னாலிருந்தே கண்டேன். கார் லைற் அடிக்காமல் போனது. இரண்டாவது போனது. பத்தாவதுக்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டேன். ஒருவரும் அடிக்கவில்லை. எட்டில் ஒரு பங்கு லூமனுக்கு எட்டு மடங்கு மரியாதை.

பெற்றோல் செற்றடி வந்தபோது ஆறு முப்பத்திரண்டு.

வான் நின்றது. வெள்ளை வான், பக்கத்தில் கோதுமைக் கதிர் படம். சந்தியில் முதல் போகிற உரிமை அவனுக்குத்தான். சைக்கிள் பாதையில் வருகிறவர்தான் பொறுக்கவேண்டும் என்று நிலத்தில் வெள்ளை முக்கோணங்கள் கீறியிருக்கிறது. ஆனாலும் அவன் செலினைக் கண்டதும் லைற் அடித்தான்.

செலின் பிறேக் பிடித்தா. ஒரு கால் நிலத்தில்.

நான் முப்பது மீற்றர் பின்னால் நின்றேன். வாய்க்குள் 'போங்கோ' என்ற சொல் வந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற நேரங்கள் குறைவு, அன்றைக்கு நின்றேன்.

அவன் இரண்டாம் தரம் அடித்தான்.

செலினின் கை நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு வந்தது. இடது தோள், வலது தோள். முடிந்தது என்று நினைத்தேன். அவ நிலத்திலிருந்த காலைத் தூக்கி மிதியில் வைத்தா. சைக்கிள் ஒருக்கா ஆடியது. பிறகு போனா. வானுக்கு முன்னால், அதன் வெளிச்சத்துக்குள்ளால், நேரே பார்த்துக்கொண்டு, கழுத்துத் திரும்பாமல் போய், அந்தப் பக்கம் ஏறி, இருட்டுக்குள் சிவப்புப் பின்லைற்றாகச் சின்னதாகிப் போனா.

வான் போகவில்லை. நான் கிட்டப் போனதும் அவன் கண்ணாடியை இறக்கினான். அறுபது வயதிருக்கும்; மாப்போல வெளுத்த தலைமயிர். உள்ளே புதுப்பாண் வாசம்.

"அவள் இன்றைக்குப் போனாள்" என்றான்.

"ஓம். போனா."

"நீ அவளைத் தெரிந்தவனா? நான் ஒன்று கேட்கவேண்டும். என்னைக் கண்டு பயமா அவளுக்கு? ஒவ்வொரு நாளும் வழி விடுகிறேன். இறங்கி நின்று எனக்குச் சிலுவை காட்டுகிறாள், பேயைக் கண்டமாதிரி. என் முகத்தில் ஏதும் இருக்கிறதா என்று மனைவியிடம்கூடக் கேட்டேன்."

"மனைவி என்ன சொன்னா?"

"யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்."

இலங்கை ரோட்டு வழக்கத்தை அந்தக் குளிரில் எங்கிருந்து தொடங்குவது? "உன்னில் ஒரு பிழையும் இல்லை" என்றேன். "லைற் பிழையாக இருந்தது. என்னுடைய பிழை. மாற்றிவிட்டோம்."

அவன் தலையை ஆட்டினான். ஆறுதல்பட்ட மனுசனின் ஆட்டம் அது. பிறகு எனக்கு லைற் அடிக்காமல், கையால் போ என்று காட்டினான். நான் போனேன்.

இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவுச் சேவைப் பெண் வெளியில் வந்துகொண்டிருந்தாள். சைக்கிள் நிற்பாட்டும் இடத்தில் செலினின் சைக்கிள். லைற்றைக் கழற்றி உள்ளே கொண்டுபோயிருந்தா. ஆறு நாற்பது. ஒருவரும் கோப்பி தரவில்லை என்று மத்தியானம் போனில் சொன்னா. அதைவிட நல்ல செய்தி இல்லை.

அந்த இரண்டு கிழமையும் அவ ஒரு நாளும் பிந்தவில்லை. ஒரு நாள் பனி வழுக்கல், அன்றைக்கும் ஆறு நாற்பத்து நாலு. என்னுடைய ஆயிரத்து அறுநூறு லூமன் இப்போது அவர்கள் வீட்டு நிலவறையில் இருக்கிறது. கிறிஸ்மஸ் குடிலின் உடைந்த ஆட்டுக்குட்டியைத் தேட எடுத்தார்கள், கண்டுபிடித்தும் விட்டார்கள். குருசு லைற் அடிப்பதை விட்டுவிட்டான். அடித்தால் தான் என்ன சொன்னவனாவான் என்று இப்போது அவனுக்கே நிச்சயமில்லை.

முப்பதாந்திகதி பின்னேரம் போனேன். பிர்கித் வைத்த கையெழுத்து சாப்பாட்டு மேசையில், எண்ணெய் படாமல் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. செலின் அதைக் காட்டிவிட்டு வேறொரு கதையைத் தொடங்கினா. அதுதான் அவவுக்குப் பெரிய கதை.

"இண்டைக்கு நான் அஞ்சு நிமிசம் முந்தி, அண்ணை. சந்தியிலை வான் நிண்டுது. அவன் அடிக்கமுன்னம் நான் நிண்டன். நிண்டு, லைற்றைக் கையாலை பொத்தினன். எடுத்தன். பொத்தினன். எடுத்தன். ரெண்டு தரம்."

"பிறகு?"

"அவன் கையைத் தூக்கிக் காட்டிப்போட்டு, சிரிச்சுக்கொண்டு போனான்."

குருசு தேத்தண்ணிக் கோப்பையை வைத்தான். "நீர் அடிச்சது 'நீ போ' எண்டோ, 'நான் வாறன்' எண்டோ?"

"அவனுக்கு விளங்கினது எதுவோ, அது" என்றா செலின். எழுந்துபோய் லைற்றைச் சுவரில் இருந்த வயரில் குத்தினா. நாலு புள்ளியில் ஒன்றுதான் அணைந்திருந்தது.